ஆற்றங்கரைக்கு ஒரு வானிலை அறிக்கை

மழையை எதிர்நோக்கி வாழும் மக்களே மழைக்கு அஞ்சியும் வாழ்வது ஆற்றங்கரையின் இயல்பு. பூவிருந்தவல்லிக்கும் ஆவடிக்கும் இடையே, பருத்திப்பட்டை ஒட்டிக் கூவம் செல்கிறது. அதன் கரையோரத் தெரு ஒன்றில் வளர்ந்தவன் நான். எங்கள் பெரியவர்களுக்கு வானமே அறிக்கை. எறும்புகள் முட்டை சுமந்து மேடேறினாலும், தட்டான்கள் தாழப் பறந்தாலும் விறகை உள்ளே எடுத்து வைத்துவிடுவர். இரவில் வானொலி, ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்று கூறும்போது, அந்த ஓரிடம் நம் இடந்தானா என்று கேட்டுச் சிரிப்போம்.

அந்தச் சிரிப்பு 2015 டிசம்பரில் அடங்கிற்று. டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. எங்கள் தெருவில் மழை சற்றே ஓய்ந்த நேரம். எதிர்வீட்டுப் பாட்டி வாசலில் நின்று, “தம்பி, நாலெழுத்துப் படிச்சவன் நீ. கிளம்பணுமா, இருக்கலாமா?” என்று கேட்டார்.

“மழை விட்டுடுச்சு பாட்டி, பயப்படாதீங்க” என்றேன்.

சில மணி நேரத்தில் ஆறு தெருவுக்குள் வந்தது. பாட்டியைத் தோளில் சுமந்து கரையேற்றினோம். அவருக்குச் சோறிட்ட தையல் இயந்திரத்தை மீட்க இயலவில்லை. “உயிர் இருக்கே, போதும்” என்றார் அவர். எனக்கோ என் சொல்லே முள்ளாய்த் தைத்தது.

பிழை எங்கே நேர்ந்தது? நான் என் தலைக்கு மேலிருந்த வானத்தைப் பார்த்தேன். ஆறோ மேற்கிலிருந்து வருகிறது. கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரியும் கூவம், திருவள்ளூர் மாவட்டத்து ஏரிகளின் உபரிநீரையும் வழிநெடுக ஏற்றுக்கொண்டே வருகிறது. அங்கே கலங்கல்கள் வழிந்தால், இங்கே வெயிலடித்தாலும் வெள்ளம் வரும்.

அறிக்கையின் சொற்களுக்கு அளவு உண்டு என்பதையும் பின்னரே கற்றேன். ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதி கனமழை. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். எனவே அதி கனமழை நாளில், 50 சதுர மீட்டர் கூரையின்மேல் மட்டும் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் நீர் விழும். இதை உணர்ந்தபின், ‘அதி’ என்னும் ஈரெழுத்தை அலட்சியமாகக் கேட்க என் செவி மறுக்கிறது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் எச்சரிக்கை வந்தபோது, சென்னைக்கு உரியதை மட்டுமன்றித் திருவள்ளூர் மாவட்டத்துக்கு உரியதையும் சேர்த்துக் கேட்டேன். மழை வலுக்குமுன்பே பாட்டியின் புதிய இயந்திரத்தை மாடிக்கு ஏற்றினோம். “இந்தத் தடவை முன்னாடியே சொல்லிட்டே” என்று அவர் புன்னகைத்தார்.

மாணவ நண்பர்களே! வானிலை அறிஞர்கள் மாவட்டத்துக்கு உரைப்பதை நம் தெருவுக்கு உரிய சொல்லாக மாற்றும் கடமை, படித்த நம்முடையது. எந்த ஏரி நிரம்பினால் எந்தத் தெரு நனையும் என்பதைக் குறித்து வையுங்கள். பெரியவர்களின் நினைவையும் அதனோடு சேர்த்து எழுதுங்கள். வாசலில் நின்று ஒரு முதியவர் கேட்கும்போது, அறியாததை அறிந்ததாகச் சொல்லாதிருப்பதும் கல்வியின் பயனே.