திருமணிமுத்தாறு: நாத்தம் போகும்... உப்பு போகுமா?

'ஆத்தோரக் கிணத்துத் தண்ணி நிறம் மாறி வருது. பயிருக்கு விடலாமா?' என்று நாமக்கல் மாவட்ட வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்ல மனம் வரவில்லை. ஆற்றோடு ஒரு நாள் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

சேர்வராயன் மலையில் பிறக்கிறது திருமணிமுத்தாறு. சேலம் நகருக்குள் நுழைந்ததும் ஊர்ச் சாக்கடையெல்லாம் அதில் விழுகிறது. ஆறு என்று சொன்னால்தான் ஆறு. இதைச் சரிசெய்யத்தான் பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தது. ஆனைமேடு, வெள்ளக்குட்டை ஏரி உள்ளிட்ட இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன.

இந்த நிலையங்களில் நடப்பது நமக்குத் தெரிந்த வேலைதான். முதலில் கம்பி வலையில் பிளாஸ்டிக், துணி போன்றவை தடுக்கப்படும். பிறகு மணல் படியும். அடுத்த தொட்டியில் காற்றைச் செலுத்துவார்கள். எருக்குழியில் சாணத்தை மட்க வைக்கிற மாதிரியான நுண்ணுயிர்கள், அங்கே கழிவைத் தின்று தீர்க்கும். சேறு அடியில் தங்க, தெளிந்த நீரில் குளோரின் கலந்து வெளியே விடுவார்கள். நாற்றம் போய்விடும். ஆனால், தண்ணீரில் கரைந்த உப்பை நுண்ணுயிர் தின்னாது. வீட்டுச் சோப்புத்தூள் உப்பும், சாயம் ஏற்றப் பயன்படுத்தும் உப்பும் உள்ளே வந்த அளவிலேயே வெளியே போகும்.

உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயிலைத் தாண்டித் தெற்கே போனோம். ஆற்றோரத் தென்னந்தோப்பில் ஒரு பெரியவர் மடை மாற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. எங்க அப்பன் காலத்துல இந்த மணல்ல ஊத்து தோண்டிக் குடிச்சோமுங்க. இப்ப மழை பேஞ்சா நுரைதான் பொங்கிட்டு வருது" என்றவர், வரப்பைக் காட்டினார். சுண்ணாம்பு தெளித்ததுபோல வெள்ளை பூத்திருந்தது.

"போன பட்டத்துல அவரை போட்டனுங்க. இலை ஓரமெல்லாம் கருகிப்போச்சு. தென்னை மட்டும் தாக்குப்பிடிக்குது."

"தண்ணியைப் பரிசோதனை பண்ணினீங்களா ஐயா?"

"மண்ணைத்தான் குடுத்தேன். தண்ணியை யாரும் கேக்கலீங்களே!"

இங்கேதான் விஷயமே இருக்கிறது. அவரை, பீன்ஸ் போன்றவை உப்பைத் தாங்காது. கரும்பு ஓரளவுக்கு மேல் தாங்காது. தென்னை, பருத்தி தாங்கும். இது தெரியாமல் பயிர் வைத்தால், விதைக்காசும் உழைப்பும் போகும். நாளாவட்டத்தில் மண்ணும் கெடும். நொய்யலில் 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை நம் கண்முன் இருக்கிற பாடம். பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கி, விவசாயிகள் நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று. 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பின்னால்தான் விஷயம் சூடுபிடித்தது.

அதற்காகச் சுத்திகரித்த நீரே ஆகாது என்பதில்லை. பெங்களூருவின் சுத்திகரித்த நீர் 2018 முதல் கோலார் ஏரிகளுக்குப் போகிறது. இஸ்ரேலில் கழிவுநீரின் பெரும்பகுதி சுத்திகரித்து வயலுக்கே வருகிறது. அளந்து பார்த்துப் பாய்ச்சுவதுதான் முக்கியம்.

சரி, வாசகருக்கு நம் பதில்:

மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் அலசிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, அன்றே ஆய்வகத்தில் கொடுங்கள். சந்தியூர், நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களில் விவரம் கேட்கலாம். அறிக்கையில் 'இ.சி.' எண்ணைப் பாருங்கள். உலக உணவு, வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி, 0.7 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் கவலையில்லை. 3 வரை பயிரைப் பார்த்து வைக்க வேண்டும். 3-ஐத் தாண்டினால் கடும் சிக்கல். கோடையிலும் மழைக்குப் பிறகும் எண் மாறும் என்பதால், ஆண்டுக்கு இரண்டு முறை பாருங்கள்.

உப்பு குறைவாக இருந்தாலும் கீரை, கொத்தமல்லி, வெள்ளரி என்று பச்சையாகச் சாப்பிடுவதற்குச் சாக்கடை கலந்த நீர் வேண்டாம். கிருமியும் குடற்புழு முட்டையும் வீட்டுக்குள் வந்துவிடும். இந்த நீரில் தழைச்சத்து இருப்பதால், யூரியாவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் நஞ்சை இடையாறு போய்ச் சேர்ந்தோம். அங்கே திருமணிமுத்தாறு காவிரியில் கலக்கிறது. சேலத்துக்காரர் கழுவி ஊற்றியது நாமக்கல்லோடு நிற்பதில்லை. கீழே இருக்கிறவர்கள் குடத்துக்கும் போகிறது. பெரியவருக்கு ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். நீங்களும் ஒரு பாட்டில் பிடியுங்கள்.