என்ன கேஸ்?

கோரிமேட்டில் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீ குடிக்க நிற்பவர்கள் ஒருவரையொருவர் பெயர் கேட்பதில்லை. "என்ன கேஸ்?" என்றுதான் கேட்கிறார்கள். மார்ச்சுவரிப் பக்கமிருந்து வந்த ஒரு கிழவரை நானும் ஒரு நாள் அப்படியே கேட்டேன். "மருமவப்புள்ள. வெட்டிட்டானுங்க" என்றார். யார், எதற்கு என்ற அடுத்த கேள்வி என் நாக்கில் தயாராக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். ஆனால் எழுந்தது எழுந்ததுதான். துக்கத்திற்கு முன் எனக்குக் கதை வேண்டியிருந்தது.

கொலை வழக்குப் புத்தகங்களைத் தேடிப் படிப்பவன் நான். சமூக சரித்திரம் என்று அதற்குக் கௌரவமான பெயரும் வைத்திருந்தேன். லட்சுமிகாந்தன் வழக்கை எத்தனை முறை படித்திருப்பேன். 1944 நவம்பரில் கத்திக்குத்து. 1947-ல் பாகவதரும் கலைவாணரும் விடுதலை. கொன்றது யார் என்ற முடிச்சு அவிழாததால் மறுபடி மறுபடி படிக்கிறோம். செத்தவருக்காக அல்ல. 'இந்துநேசன்' நடத்திய அவரும் இதே ருசிக்குத்தான் அந்தரங்கங்களை எழுதி விற்றார்.

புதுச்சேரியின் பழைய வழக்கு ஒன்றில் இந்த முடிச்சு இல்லை. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர் நைனியப்ப பிள்ளை, 1716-ல், கவர்னர் எபேர் காலத்தில், கொடுமை, கலகம் என்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார். கடைத்தெருவில் 50 சவுக்கடி, 3 வருஷச் சிறை, சொத்துப் பறிமுதல். 1717-ல் சிறையிலேயே செத்தார். பிறகு தீர்ப்பு ரத்தாயிற்று. மகன் குருவப்பா பிரான்ஸ் போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பி அதே வேலையில் அமர்ந்தார். டானா அக்மோன் 2017-ல் இதைப் புத்தகமாக எழுதினார்.

முடிவு தெரிந்தும் கீழே வைக்க முடியவில்லை. நைனியப்பருக்குப் பிரெஞ்சு தெரியாது. அவர் சொன்னதெல்லாம், அவரைத் தண்டித்தவர்களின் மொழியில், அவர்களுடைய தாளில்தான் தங்கியிருக்கிறது. குற்றம் என்று ஒன்று நேரும்போதுதான் சர்க்கார் சாமானியனின் பேச்சை எழுதி வைக்கிறது. எழுதும்போதே அதை வேறொன்றாக்கி விடுகிறது. இவ்வகை எழுத்தின் வசீகரம் ரத்தத்தில் இல்லை, அந்த இடைவெளியில் இருக்கிறது என்று தோன்றியது. அங்கே காதைக் கொடுக்காதவன் வெறும் வேடிக்கை பார்ப்பவன். நானும் வெகுகாலம் அதுதான்.

நைனியப்பரின் மைத்துனர் மகன் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761-ல் சாகும்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று நிரூபிக்க முடியாது. ஆனால் மாமாவின் சவுக்கடியை மறந்துவிட்டு அந்தத் தமிழை என்னால் இப்போது படிக்க முடிவதில்லை.

அன்றைக்குக் கிழவரின் வாக்குமூலத்தையும் ஸ்டேஷன் ரைட்டர் எழுதியிருப்பார். 'மேற்படி நபர்' என்று தொடங்கும் தமிழ்.  'வெட்டிட்டானுங்க' என்று அவர் சொன்னபோது குரல் உடைந்த இடம் அதில் இருக்காது. அதைக் கேட்டவன் நான். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.