கண்ணுக்குத் தெரியாத களைப்பு

பிறரைப் பற்றிச் சொல்லக்கூடிய வார்த்தைகளுக்குள் மிகவும் சுலபமாக வாயில் வருவது "சோம்பேறி" என்பதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. ஒருவனைத் திருடன் என்று சொல்வதற்குச் சாட்சி வேண்டும். பொய்யன் என்று சொல்வதற்கு ஓர் அத்தாட்சியாவது வேண்டும். சோம்பேறி என்பதற்கு ஒன்றுமே வேண்டியதில்லை. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டால் போதும். அதிலும் உபாத்தியாயத் தொழிலில் இருபது வருஷம் கழித்துவிட்ட நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பட்டத்தை வழங்குவதில் கை நன்றாகப் பழகியிருக்கிறது. பிள்ளைகளுக்கு வழங்கி வழங்கிப் பழகியபின், பெரியவர்களுக்கும் வழங்கத் துணிந்துவிடுகிறோம். அப்படித் துணிந்து நாம் செய்த ஒரு தவற்றைப் பற்றியும், அந்தத் தவறு நமக்குக் கற்பித்த ஒரு வியாதியைப் பற்றியும் இங்கே எழுத உத்தேசம்.

நம்முடைய பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் போதிக்கும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். முப்பது வயது இன்னும் நிரம்பவில்லை. வந்த புதிதில் அவர் வகுப்பில் ஒரு கணம் உட்கார்ந்து நாம் பார்த்ததில்லை. கரும்பலகைக்கும் கடைசிப் பெஞ்சிக்குமாக நடந்துகொண்டே இருப்பார். இரண்டு வருஷத்திற்குள் அந்த நடை எங்கேயோ போய்விட்டது. பாடத்தை உட்கார்ந்தபடியே நடத்தலானார். மத்தியான்ன வேளைகளில் சாக்குக் கட்டி கையிலிருந்து நழுவி விழும். மாடியில் இருந்த தம் வகுப்பைக் கீழே மாற்றித் தர முடியுமா என்று பங்குனி மாத வெயிலில் ஒரு நாள் நம்மிடம் வந்து கேட்டார். பாடவேளை அட்டவணை போடும் பொறுப்பு நம்முடையது. "இந்த வயதில் மாடி ஏறுவதற்கு யோசித்தால், எங்கள் வயதில் என்ன செய்வீர்கள், அம்மா?" என்று வேடிக்கையாகச் சொல்லி அனுப்பிவிட்டோம். அதோடு நின்றாலும் பாதகமில்லை. தலைமை ஆசிரியரிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை போட்டு வைத்தோம். அது நல்ல வார்த்தை அல்ல.

பத்து நாள் கழித்து அவர் மாடிப்படியில் கால் இடறி விழுந்தார். மூன்று வாரம் லீவில் இருந்துவிட்டு, ஒரு வைத்தியரின் கடிதத்துடன் திரும்பி வந்தார். அதில் "மல்ட்டிபிள் ஸ்கிளிரோஸிஸ்" என்று எழுதியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பே அவருக்கு ஒரு கண்ணின் பார்வை மங்கி, சில வாரங்களில் தானாகவே தெளிந்திருக்கிறது. மூக்குக் கண்ணாடியின் கோளாறு என்று எல்லோரும் எண்ணிவிட்டார்கள்.

"ஏன், அம்மா, அன்றைக்கே நம்மிடம் விவரமாகச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டோம்.

"சொன்னால் நம்பமாட்டீர்கள் என்றுதான் சொல்லவில்லை, ஸார்" என்றார்.

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. பதில் இல்லாத உபாத்தியாயன் செய்யக்கூடியது ஒன்றுதான், புஸ்தகத்தைப் புரட்டுவது. அவ்வாறு புரட்டி நாம் தெரிந்துகொண்டதை நேயர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

மின்சாரக் கம்பிக்கு மேல் ரப்பர் உறை இருப்பதைப் போல, நம்முடைய மூளையிலும் முதுகுத்தண்டிலும் ஓடும் நரம்பு இழைகளுக்கு மேல் கொழுப்பாலான ஓர் உறை சுற்றப்பட்டிருக்கிறது. 1854-ம் வருஷத்தில் ஜெர்மானிய வைத்தியர் ருடால்ப் விர்ஹோ அதற்கு "மையலின்" என்று பெயரிட்டார். உறையுள்ள பெரிய நரம்பில் செய்தி விநாடிக்கு 100 மீட்டர் வேகம் வரையில் பாய்கிறது. உறையில்லாத மெல்லிய இழையில் அது ஏறக்குறைய 1 மீட்டர் தூரமே ஊர்கிறது. தேகத்தைக் காக்கவேண்டிய இரத்தத்தின் காவல் அணுக்கள், என்ன காரணத்தாலோ, இந்த உறையையே பகையென்று கருதித் தாக்குவதுதான் இந்த வியாதி. தாக்கப்பட்ட இடங்கள் பிறகு தழும்பேறிக் கெட்டிப்படுகின்றன. கண்ணின் நரம்பில் தாக்கினால் பார்வை மங்கும். முதுகுத்தண்டில் தாக்கினால் கால் மரத்துப்போகும், அல்லது சிறுநீரை அடக்க முடியாமற் போகும். ஆகையால் இந்த நோயாளிகளில் ஒருவரைப்போல் மற்றொருவர் இருப்பதில்லை.

பாரிஸ் நகரத்து ஸால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் இருந்த ழான் மார்த்தன் ஷார்கோ என்ற பிரெஞ்சு வைத்தியர்தான் 1868-ல் இதைத் தனி வியாதியாக வகுத்துக் காட்டினார். அதற்கும் முன்பே இதை அனுபவித்து எழுதி வைத்துவிட்டுப் போனவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் பேரரான அகஸ்டஸ் டெஸ்டே என்பவர் அவர். 1822-ல் உறவினர் ஒருவரின் ஈமச் சடங்குக்குப் போயிருந்தபோது அவருக்குக் கண் மங்கியது. கடிதங்களைப் பிறர் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. பிறகு மருந்தின்றியே பார்வை தெளிந்தது. வருஷங்கள் செல்லச் செல்லக் கால்கள் தளர்ந்ததை அவர் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே போனார். 1848-ல் அவர் காலமானார். தம்முடைய வியாதிக்குப் பெயர் என்ன என்பது கடைசிவரையில் அவருக்குத் தெரியாது. நம் ஆசிரியையின் கண்ணும் அப்படியே மங்கி அப்படியே தெளிந்தது என்பதை எண்ணியபோது, இருநூறு வருஷத்திய தூரம் திடீரென்று மறைந்துவிட்டது போல் இருந்தது.

மாடி வகுப்பின் விஷயத்தையும் புஸ்தகத்திலேயே கண்டோம். வில்ஹெல்ம் ஊட்ஹாப் என்ற ஜெர்மானியக் கண் வைத்தியர் 1890-ல் ஒன்றைக் கவனித்தார். இந்த நோயாளிகளில் சிலருக்கு, உடற்பயிற்சி செய்து தேகம் சூடேறியவுடன் பார்வை மங்குகிறது. ஓய்வெடுத்துச் சூடு தணிந்ததும் தெளிகிறது. உறை தேய்ந்த நரம்பு, உஷ்ணம் சற்றே உயர்ந்தாலும் செய்தியைக் கடத்த முடியாமல் திணறிப்போகிறது. இதனால் நரம்பு புதிதாகக் கெட்டுவிடுவதில்லை. ஆனால் அந்த நேரத்துக் கஷ்டம் கஷ்டந்தான். மொட்டை மாடியின் கீழே, பங்குனி வெயிலில், மத்தியான்னம் இரண்டு மணிக்கு அந்த அம்மாளை நாம் ஏன் நிற்க வைத்தோம் என்பதற்கு எந்தப் புஸ்தகத்திலும் சமாதானம் இல்லை.

உலகத்தில் ஏறக்குறைய 29 லட்சம் பேர் இந்த வியாதியுடன் வாழ்வதாக 2023-ம் வருஷத்துக் கணக்குச் சொல்கிறது. ஆண்களைக் காட்டிலும் ஸ்திரீகளுக்கு இது குறைந்தபட்சம் இரண்டு மடங்கு அதிகம். பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில், அதாவது வேலை தேடி, விவாகம் செய்து, குழந்தை பெறும் வயதில் வந்து கதவைத் தட்டுகிறது. குளிர் தேசங்களில் இது மிகுதி; நம் தேசத்தில் குறைவு. ஆயினும் நமக்கு இது அந்நியமான வியாதி அன்று. பம்பாயில் வாழும் பார்ஸி சமூகத்தாரிடம் இது கணிசமாக இருப்பதை நரம்பு வைத்திய நிபுணர் நோஷிர் வாடியா முதலியோர் 1990-ல் எடுத்துக்காட்டினார்கள்.

வியாதி ஏன் வருகிறது என்ற கேள்விக்கு அண்மையில் ஒரு பெரிய துப்புக் கிடைத்திருக்கிறது. 1964-ல் கண்டுபிடிக்கப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்ற கிருமி, உலகத்தில் வயது வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தேகத்தில் குடியிருக்கிறது. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து, ஹார்வர்டு சர்வகலாசாலையின் விஞ்ஞானிகள் 2022-ம் வருஷம் ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 955 பேருக்கு இந்த வியாதி கண்டது. இரத்த மாதிரி கிடைத்த 801 நோயாளிகளில், வியாதிக்கு முன்னால் அந்தக் கிருமி தொற்றாதவர் ஒருவரே. கிருமி புதிதாகத் தொற்றியவர்களுக்கு அபாயம் 32 மடங்கு உயர்ந்தது. ஆயினும் கிருமி உள்ளவர்களில் மிகச் சிலருக்கே வியாதி வருகிறது. பரம்பரைக் கூறு, சூரிய ஒளியால் கிடைக்கும் "டி" வைட்டமினின் குறைவு, புகை பிடித்தல் ஆகியவையும் இதில் பங்கு கொள்கின்றன.

சிகிச்சையின் சரித்திரமும் படிக்க வேண்டியதுதான். 1981-ல் லண்டனில் காந்தப் படக் கருவியால் மூளைக்குள் இருக்கும் தழும்புகளை நேராகக் காண முடிந்தது. 2001-ல் இயான் மக்டொனால்டு தலைமையில் நிபுணர்கள் கூடி, வியாதியை நிச்சயிக்கும் விதிகளை வகுத்தார்கள். அந்த விதிகள் பிறகு பல தடவை திருத்தப்பட்டுள்ளன. தாக்குதல்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் முதல் மருந்தான இன்டர்பெரான் பீட்டாவுக்கு 1993-ல் அமெரிக்காவில் அநுமதி கிடைத்தது. 2010-ல் வாயால் விழுங்கும் மாத்திரை வந்தது. ஆரம்பத்திலிருந்தே இடைவிடாமல் முற்றிச் செல்லும் வகைக்கு ஒரு மருந்தும் இல்லாதிருந்த குறை, 2017-ல் ஓக்ரலிஸுமாப் என்ற ஊசி மருந்தால் முதல் தடவையாகச் சற்றே நீங்கிற்று.

இவை ஒன்றும் வியாதியை வேரோடு களைவதில்லை. தாக்குதலைத் தடுக்கின்றன, அவ்வளவே. சில மருந்துகள் ஆபத்தையும் கூட அழைத்து வருகின்றன. 2004-ல் அநுமதி பெற்ற நடாலிஸுமாப், மூளையில் அரிதான ஒரு தொற்றை உண்டாக்கியதால் 2005-ல் நிறுத்தப்பட்டு, கண்காணிப்பு விதிகளுடன் 2006-ல் மீண்டும் வந்தது. எனவே மருந்தைத் தேர்ந்தெடுப்பது நரம்பு வைத்தியரும் நோயாளியும் சேர்ந்து யோசிக்க வேண்டிய காரியம். ஆனால் காலதாமதம் கூடாது. தேய்ந்த நரம்பை மீட்கும் மருந்து இன்னும் கைக்கு வராதபடியால், தேயாமல் காப்பதே உத்தமம் என்பது இன்றைய வைத்தியர்களின் கொள்கை. தேய்ந்த உறையைத் திரும்ப வளர்க்கும் முயற்சியும் ஒரு பக்கம் நடக்கிறது. ஒவ்வாமைக்காகக் கொடுக்கப்படும் கிளமாஸ்டீன் என்ற பழைய மருந்து, கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தியைச் சற்றே விரைவுபடுத்தியதாக 50 பேரிடம் செய்த ஒரு பரீட்சை 2017-ல் காட்டியது. இது ஆராய்ச்சி அளவில் நிற்பது. மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடத் தக்கது அன்று.

நம் நாட்டவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் மற்றொன்று. பார்வைக்கு இதைப் போலவே தோன்றும் வேறொரு வியாதி கண் நரம்பையும் முதுகுத்தண்டையும் தாக்குகிறது. 2004-ல் அதற்கென்று தனி இரத்தப் பரிசோதனை கண்டுபிடிக்கப்பட்டது. இந்த வியாதிக்குத் தரும் சில மருந்துகள் அந்த வியாதியை அதிகப்படுத்திவிடும். ஆகவே வியாதி இன்னதென்று நிச்சயிக்காமல் மருந்தைத் தொடங்குவது விபரீதம். "ஸ்டெம் செல்" ஊசியால் பூரண குணம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் நகையை விற்றுப் பணம் கொடுப்பதும் விபரீதந்தான்.

மருந்தின் விலை நடுத்தரக் குடும்பத்தை மலைக்க வைப்பது உண்மை. 2023-ல் உலக சுகாதார ஸ்தாபனம் தன்னுடைய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்த வியாதிக்காக மூன்று மருந்துகளைச் சேர்த்தது. அவற்றில் ரிடுக்ஸிமாப் என்பது நம் தேசத்துத் தொழிற்சாலைகளிலேயே தயாராகிறது. மருந்து தயாரிப்பதில் உலகத்துக்குக் கை கொடுக்கும் தேசம், தன் சொந்தப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது எட்டும்படி செய்ய வேண்டாமா?

பராமரிப்பு மருந்தோடு முடிவதில்லை. முன்காலத்தில் இந்த நோயாளிகளைப் படுக்கையிலேயே கிடக்கச் சொன்னார்கள். இப்போது அளவான தேகப் பயிற்சியே பலம் என்கிறார்கள். குழந்தை பெறக்கூடாது என்று ஸ்திரீகளைத் தடுத்த காலமும் உண்டு. 1998-ல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சி, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல் வெகுவாகக் குறைவதையும், பிரசவத்துக்குப் பிந்திய மூன்று மாதங்களில் அதிகரிப்பதையும் காட்டிற்று. மருந்துகளை முன்கூட்டியே திட்டமிட்டுக்கொண்டு தாயாகிறவர்கள் இன்று அநேகர். நம் ஆசிரியையின் தாயார் நம்மைக் கண்டு, "விவாகப் பேச்சு வந்தால் இதைச் சொல்வதா, மறைப்பதா?" என்று கேட்டார். சொல்லத்தான் வேண்டும் என்று சொன்னோம். சொன்ன பிறகு, அந்த உண்மையைத் தாங்கும்படியான மனம் நம் ஊர்க் குடும்பங்களுக்கு இருக்கிறதா என்ற கவலை நம்மைப் பிடித்துக்கொண்டது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கவலைதான்.

2016-ல் நம்முடைய பார்லிமெண்டு நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பெயர் குறிப்பிட்டிருக்கும் 21 வகைகளுள் இந்த வியாதியும் ஒன்று. நோயாளிக்குத் தகுந்த வசதி செய்து தரவேண்டும் என்று அந்தச் சட்டம் பேசுகிறது. சட்டம் டில்லியில் பிறந்துவிட்டது. அது பாடவேளை அட்டவணை வரையில் வந்து சேர வேண்டும். அந்த வேலை நம்மைப் போன்றவர்களுடையது.

இந்த வருஷத்து அட்டவணையில் அந்த அம்மாளுக்குக் கீழ்த்தளத்தில், வேப்பமர நிழல் விழும் அறையைக் கொடுத்திருக்கிறோம். காலைப் பாடவேளைகளே அவருடையவை. தலைமை ஆசிரியரிடம் போய், முன்பு நாம் சொன்ன வார்த்தையை அதே அறையில் நின்று திரும்பப் பெற்றுக்கொண்டோம். அந்த அம்மாளிடமும் நம் வருத்தத்தைத் தெரிவித்தோம். "அதை விடுங்கள், ஸார். ஒன்பதாம் வகுப்பில் பதினோரு பேருக்கு அல்ஜீப்ரா வரவில்லை, சனிக்கிழமை வகுப்பு வைக்கலாமா?" என்று கேட்டார்.

பிள்ளைகளின் முன்னேற்ற அறிக்கையில் "குறிப்பு" என்று ஒரு கட்டம் உண்டு. இருபது வருஷமாக அதில் "சோம்பல்" என்று எத்தனை தடவை எழுதியிருப்போமோ தெரியாது. இந்தத் தடவை ஒரு பையனின் அறிக்கையில் பேனா அந்த வார்த்தையிடம் போயிற்று. நிறுத்திக்கொண்டோம். பையனைக் கூப்பிட்டு அருகில் உட்கார வைத்து, "ராத்திரி சரியாகத் தூங்குகிறாயா, தம்பி?" என்று கேட்டோம். அவன் பதில் சொல்ல வெகு நேரம் ஆயிற்று. நாம் காத்திருந்தோம்.