பழ ஈயின் தாய்வழிச் சொத்து

வைத்திக்குப்பத்தில் மீனுக்கு வரும் ஈயைப் பற்றி எழுதப் போவதில்லை, பயப்படாதீங்க. இது கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் சிவப்புக் கண் பொடி ஈ, டிரோசோபிலா. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் இந்தியாவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றினங்கள். ஒன்றுக்குப் பஞ்சாபில் இருக்கும் மலேர்கோட்லா ஊர்ப் பேரையே 1964-ல் வைத்தார்கள்: மலேர்கோட்லியானா.

அதன் நெருங்கிய சொந்தம் பைபெக்டினேட்டா. இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் ஒரே புட்டியில் விட்டால் வாரிசு பிறக்கும். மகன்கள் மலடு, மகள்கள் அப்படி இல்லை. 1922-லேயே ஹால்டேன் இதை விதியாகச் சொன்னார். (அந்த ஹால்டேன் 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964-ல் புவனேஸ்வரில் இறந்தார்.) மகனுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றே ஒன்று. அதிலுள்ள மரபணு அடுத்த இனத்து மரபணுவோடு ஒத்துப்போகாவிட்டால், மறைத்துக் காப்பாற்ற இன்னொரு எக்ஸ் கிடையாது. மகளுக்கு உண்டு.

வளமான வாரிசு பிறந்தால் ஒரே சிற்றினம், இல்லாவிட்டால் வேறு. இப்படித்தானே பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம்? பாதி வாரிசு வளம், பாதி மலடு என்றால் எத்தனை மார்க் போடுவீங்க?

புட்டியில் அடைத்தால் எதுவும் நடக்கும், காட்டில் நடக்குமா என்று கேட்கலாம். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே சாவோ தோமே என்றொரு தீவு. அங்கே 2,024 மீட்டர் மலை. கீழே யாகுபா ஈ, மேலே மஞ்சள் நிற சாந்தோமியா ஈ. இந்த இரண்டாவதைப் புதிய சிற்றினமாக 2000-ல்தான் விவரித்தார்கள். நடுவில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் கலப்பு ஈக்களையே பிடித்திருக்கிறார்கள். இங்கும் மகன்கள் மலடு.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த விஷயம். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வரும். சாந்தோமியாவின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்த்தால், அது யாகுபாவினுடையதோடு கிட்டத்தட்ட ஒன்று! உடம்பு சாந்தோமியா, தாய்வழிச் சொத்து யாகுபா. மகன்களோடு வழி அடைபட்டாலும், மகள்கள் தலைமுறை தலைமுறையாக எல்லை தாண்டிச் சுமந்து போயிருக்கிறார்கள்.

பக்கத்து மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ரங்கநாத் குழுவினர் ஆராய்ந்த நாசூட்டா, அல்போமிகான்ஸ் ஜோடி இன்னும் வம்பு. ஒன்றுக்கு 8 குரோமோசோம், மற்றதற்கு 6. கலந்தால் மகன், மகள் இருவருமே வளம். ஆய்வுக்கூடத்தில் பல தலைமுறை ஓட்டிப் புதிய குரோமோசோம் வகைகளையே உருவாக்கிவிட்டார்கள். இவை இரண்டு சிற்றினமா, ஒன்றின் இரு கிளைகளா? ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டு மாதிரியும் எழுதியிருக்கிறார்கள். நீங்க எந்தக் கட்சி?