காற்றைக் கேட்டுப் புறப்படுங்கள்!

இரண்டு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் போதும், குழந்தைகளுக்குக் கடல் பார்க்க ஆசை. பெரியவர்களுக்குக் கோயில் பார்க்க ஆசை. அதிகச் செலவில்லாமல் இரண்டு ஆசையும் ஒரே பயணத்தில் நிறைவேற வேண்டுமா? எங்கள் கடலூர், சிதம்பரம் பக்கம் வாருங்கள். வெள்ளிக் கடற்கரை, பிச்சாவரம் சுரபுன்னைக் காடு, தில்லை நடராஜர் கோயில் மூன்றையும் நிதானமாகப் பார்த்து வரலாம்.

ஆனால் ஒன்று. தண்ணீர்ப் பக்கம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் லீவை மட்டும் பார்த்துக் கிளம்பினால் போதாது. காற்றையும் பார்க்க வேண்டும். இதை எனக்கு விளக்கமாகச் சொன்னவள் என் அக்கா பெண்.

கல்லூரி முடித்த கையோடு, இலங்கையில் கல்பிட்டிக்குப் போய் 'கைட் சர்ஃபிங்' பழகப்போவதாக அவள் சொன்னாள். பெரிய பட்டம் ஒன்றை இடுப்பு வாரோடு கயிற்றால் பிணைத்துக்கொண்டு, காலடியில் ஒரு பலகையோடு, காற்று இழுக்கிற இழுப்பில் தண்ணீர் மேல் சறுக்கிப் போகிற விளையாட்டு அது. நம் ராமேஸ்வரம் பக்கத்திலும் சொல்லித்தருகிறார்களாம்.

"பொம்பளைப் பிள்ளை காத்துல பறக்கிறதாவது!" என்று என் மாமியார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அவளோ சிரித்தபடி ஒரு நோட்டைப் பிரித்துக் காட்டினாள். "டிக்கெட், ஓட்டல் எல்லாம் கடைசியிலதான் பாட்டி. முதல்ல காத்து" என்றாள். எந்த மாதம் காற்று சீராக அடிக்கும், எந்தத் திசையிலிருந்து வரும், தண்ணீர் எவ்வளவு ஆழம், ஆபத்து என்றால் தூக்கிவிட யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று நான்கு கேள்விகள். கல்பிட்டியில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும். ஆழமில்லாத உப்பங்கழியில் பழகலாம் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி வைத்திருந்தாள்.

"கரையிலேர்ந்து கடலுக்குள்ள காத்து வீசினா மட்டும் இறங்கவே கூடாது சித்தி. ஆளைக் கடலுக்குள்ள கொண்டுபோயிடும்" என்றும் சொன்னாள்.

அந்த நான்கு கேள்விகளும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் அப்படியே பொருந்தும். அதனால்தான் இந்தப் பயணத்தையும் அதே கணக்கில் சொல்கிறேன்.

எந்த மாதம்?

ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம். வெயிலும் தாங்கும், கடலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது முந்திரித் தோப்புகளும் பலாமரங்களும் சாய்ந்து கிடந்ததை எங்கள் ஊரில் யாரும் மறக்க முடியாது. கிளம்புமுன் வானிலை அறிக்கை கேளுங்கள். கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

முதல் நாள்: கடலூரில் மாலை

தேவனாம்பட்டினத்தில் இருப்பதுதான் வெள்ளிக் கடற்கரை. சில்வர் பீச் என்றால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விடுவார். அருகில் இருப்பது புனித டேவிட் கோட்டையின் மிச்சம். ஆங்கிலேயர் 1690-ல் மராட்டியரிடமிருந்து வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் சேர்த்தி என்று பேரம்! குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் கதை இன்றும் இருக்கிறது. குழந்தைகளுக்குச் சொல்லுங்கள், வாய் பிளந்து கேட்பார்கள்.

கோடையில் இங்கே காலை வேளையில் மேல்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அப்போது கடல் தட்டையாக, சாதுவாகத் தெரியும். அதை நம்பிக் காற்றடைத்த டியூப், மிதவை எதையும் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். கண்மூடித் திறப்பதற்குள் காற்று அதை உள்ளே தள்ளிவிடும். பிற்பகலில் கடல்காற்று திரும்பும். அதனால் மாலையில் போய் மணலில் விளையாடவிட்டுக் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குளிக்கக் கூடாதா என்பீர்கள். கெடிலம் ஆறு கடலில் சேரும் இடம் பக்கத்தில் இருக்கிறது. முகத்துவாரத்தருகே இழுப்பு அதிகம். இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அலையில்லாமல் அமைதியாக இருக்கும் இடம்தான் பெரும்பாலும் உள்ளே இழுக்கும் இடம். அதில் யாராவது மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்திக் களைத்துவிடக் கூடாது. மிதந்தபடி கரையோரமாகவே பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு குறைந்ததும் கரைக்கு வர வேண்டும். காப்பாற்றுகிறேன் என்று நீந்தத் தெரியாதவர்கள் பின்னால் குதிப்பதும் ஆபத்து. கயிறு, காலி கேன், எதையாவது வீசிவிட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள்.

இரண்டாம் நாள்: பிச்சாவரத்தில் காலை

விடியலில் பஸ் ஏறினால் சிதம்பரம் ஒன்றரை மணி நேரத்துக்குள். அங்கிருந்து பிச்சாவரம் 15 கிலோ மீட்டர். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சுமார் 1,100 ஹெக்டேரில் தண்ணீருக்குள் நிற்கிற காடு. 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்தில் பார்த்திருப்பீர்கள். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

காலையில் முதல் படகுகளிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறாது, காற்றும் வலுக்காது. துடுப்புப் படகு மேல். குறுகிய கால்வாய்களில் மரங்கள் தலைக்கு மேல் கூரை போட்டிருக்க, சத்தமில்லாமல் போகலாம். நண்டு, கொக்கு, மீன்கொத்தி எல்லாம் கண்ணுக்குப் படும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டக் கரை பட்ட பாடு சொல்லி மாளாது. இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த சிற்றூர்களில் மட்டும் சேதம் குறைவு. அலையின் வேகத்தை மரங்கள் வாங்கிக்கொண்டன. அந்த மரங்களைக் குழந்தைகள் பார்க்க வேண்டாமா?

மிதவைச் சட்டை ஒவ்வொருவருக்கும் கட்டாயம். 'இடுப்பளவு தண்ணிதாம்மா' என்று யார் சொன்னாலும் கழற்றாதீர்கள், கீழே சேறு. குழந்தைக்குப் போட்டபின் சட்டையின் தோள் பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். மோவாயைத் தாண்டி ஏறினால் அது பெரிய அளவு, வேறு கேளுங்கள். அளவு கிடைக்காத கைக்குழந்தையைப் படகில் ஏற்றாமல் ஒருவர் கரையில் வைத்திருப்பதே நல்லது.

கிளை, இலைகளை ஒடிக்க விடாதீர்கள். இங்குள்ள தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் கண்டு பார்வையே மங்கும். பட்டுவிட்டால் நல்ல தண்ணீரால் நிறையக் கழுவி, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இந்தத் தில்லை மரத்தால்தான் சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர். ஸ்தல விருட்சத்தைக் காட்டில் பார்த்துவிட்டு, மதியம் ஓய்வெடுத்து, மாலை நடை திறந்ததும் நடராஜரைத் தரிசிக்கலாம். சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் இந்த ஊர் விசேஷம். சாப்பிடாமல் திரும்பாதீர்கள்.

கூடையில் என்னென்ன?

கொதித்து ஆறிய தண்ணீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட், தொப்பி, மாற்றுத் துணி இரண்டு செட், டவல், வாந்திக்குப் பிளாஸ்டிக் பை. படகேறும் முன் இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். குழந்தைகளை முன்கூட்டியே பாத்ரூம் அனுப்பிவிடுங்கள். படகில் ஏறிவிட்டால் வழியில்லை.

தண்ணீர் ஓரத்தில் இருக்கும் வரை 'எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்' என்று இருக்காமல், ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். அந்த நேரத்துக்கு அவர் கையில் செல்போன் வேண்டாம்.