காதை நம்பாதேடி!

புதுச்சேரி

அடி என் ராசாத்தி,

முதலில் சேதி: பாஸாகிவிட்டேன்! கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டுகிற இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் கைக்கு வந்தாச்சு. எதிர்வீட்டு சொல்தா தாத்தா, அதான் அந்தப் பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், நான் ஃபெயிலாகிப் படுத்துக்கிடப்பதாகப் பாரீஸில் இருக்கிற மகளுக்குப் போன வாரமே போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். உன் காதுக்கும் வந்திருக்கும். படுத்துக்கிடந்தது நிஜம்தான், பயிற்சியில் தலைசுற்றி, வாந்தியெடுத்து.

"பொழுதுபோக்காகப் பறக்கிறவளுக்கு இது எதுக்கு?" என்று கேட்டாயே. வெறும் பிரைவேட் லைசென்ஸோடு மேகத்துக்குள் நுழையக்கூடாது. பொழுது சாய்ந்தாலோ, வெளியே பார்த்துப் பறக்கிறவர்களுக்கு இந்த நாட்டில் பெரும்பாலும் தடைதான். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் வானம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லணுமா? லாஸ்பேட்டை ஓடுதளமே 1,500 மீட்டர்தான். அடைமழையில் அதை எங்கே போய்த் தேட?

பயிற்சி வெளியூரில். ஜட்கா குதிரைக்குக் கண்பட்டை கட்டுகிற மாதிரி நெற்றியில் ஒரு ஹூட் மாட்டிவிடுவார்கள். வெளியே ஒன்றும் தெரியாது, எதிரே கருவிகள் மட்டும். 1929 செப்டம்பர் 24-ல் அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில் இப்படித்தான் மூடின காக்பிட்டுக்குள் உட்கார்ந்து ஏறி, சுற்றி, இறங்கிக் காட்டினார். 15 நிமிஷம். எனக்கு 40 மணி நேரம்! அதில் கொஞ்சம் சிமுலேட்டரில் கழிந்தது, புண்ணியம்.

வில்லன் யார் தெரியுமா? காது! உட்காதில் இருக்கிற திரவம்தான் நாம் திரும்புகிறோமா என்று சொல்கிறது. மெதுவாக ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சில விநாடிகளில் அது அடங்கி, "நேராகத்தான் போகிறாய்" என்று சாதிக்கும். நிஜமாகவே நேராக்கினால், எதிர்ப்பக்கம் சாய்கிறோம் என்று அலறும். அதை நம்பித் திருப்பினால் கதை முடிந்தது. 1954-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் இந்தப் பயிற்சி இல்லாத 20 பேரை ஹூட்டோடு பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 20 பேருக்கும் பிடி நழுவியது, சராசரியாக 178 விநாடியில். காபி ஆறுகிற நேரம்கூட இல்லையடி!

கருவியும் பொய் சொல்லும் என்பதுதான் கூத்து. ஒன்று கெட்டுப்போனால் என்ன செய்வேன் என்று பார்க்க, தேர்வின் நடுவில் தேர்வாளர் செயற்கைத் தொடுவானக் கருவியை ரப்பர் மூடியால் மூடிவிட்டார். எனக்கு வேர்த்துவிட்டது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பாட்டி சொல்வாளே, அது நினைவுக்கு வந்தது. உயரமானி, வேகமானி, திருப்பமானி, திசைகாட்டி என்று நாலு சாட்சியையும் மாறி மாறி விசாரித்தேன். ஒன்று உளறினால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக ஐ.எல்.எஸ். இறக்கம், அதாவது ரேடியோ அலை காட்டுகிற பாதையில் இறங்குவது. இரண்டு முட்களையும் நடுவில் வைத்தபடி 200 அடிக்கு வந்தேன். "ஹூட்டை எடு" என்றார். எடுத்தால், மூக்குக்கு நேரே ஓடுதளம்! அழுதேன் என்று யாரிடமும் சொல்லாதே.

சொல்தா தாத்தாவிடம் நானே போய்ச் சொன்னேன், நம்பவில்லை. நீ அவர் மகள் காதில் போட்டுவிடு. பாரீஸைச் சுற்றி வந்தால்தான் எதிர்வீட்டுக்குச் சேதி சேரும்.

உன்
பழைய பெஞ்சுக்காரி