மூன்றாம் நாள் வலி

உழைத்த அன்று உடல் அவ்வளவாக வலிப்பதில்லை. மறுநாள் காலையில் மெல்லத் தலைகாட்டும் வலி, அதற்கடுத்த நாளில்தான் தன் முழு உருவையும் காட்டுகிறது. திங்களன்று ஓடியவனுக்குப் புதனன்று படியிறங்க இயலாது. யூதர்கள் நாள் எண்ணிய முறைப்படி பார்த்தால் அது மூன்றாம் நாள். ஆர்வத்தோடு பயிற்சியில் இறங்கிய இளைஞர்கள் அதைக் கைவிட எண்ணுவதும் இந்த மூன்றாம் நாளிலேதான் என்பதை, ஐம்பது வயதைக் கடந்தபின் நாம் நேரில் கண்டறிந்தோம்.

டிரையத்லான் என்னும் போட்டியை நம் வாசகர்களுள் இளையோர் அறிந்திருப்பர். நீந்திக் கரையேறிய கையோடு மிதிவண்டி ஓட்டி, அதிலிருந்து இறங்கிய காலோடு ஓடி முடிக்க வேண்டும். இடையே ஓய்வு கிடையாது. 2000-ஆம் ஆண்டு சிட்னி நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில் இது முதன்முறையாக இடம்பெற்றது. அங்கே நீச்சல் 1.5 கிலோமீட்டர், மிதிவண்டி 40, ஓட்டம் 10. இதில் சரிபாதித் தொலைவுள்ள சிறிய போட்டியும் உண்டு. நம் பங்கின் இளைஞர் நால்வர் அச்சிறிய போட்டிக்கு ஆயத்தம் செய்ய முன்வந்தனர். அவர்களுள் ஒருவர் கொத்தனார். குடியை விட்டு அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. "சாயங்காலம் ஆறு மணியானா கால் தானா கடைப்பக்கம் போகுது சாமி. நீங்களும் வந்தா நானும் வர்றேன்" என்றார். மருத்துவர் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்து இசைவு தந்தபின், நாமும் அரைக்கால்சட்டை அணிந்து புறப்பட்டோம். அக்கோலத்தைக் கண்ட மூத்த தாய்மார் சிலர் முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டது தனிக்கதை.

முதல் ஓட்டத்திற்குப்பின் வந்த புதன்கிழமைக் காலைத் திருப்பலி நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. திருப்பலியில் குருவானவர் மூன்று முறை முழந்தாளிட்டு வணங்குகிறார்: அப்பத்தை உயர்த்திக் காட்டியபின், இரசக் கிண்ணத்தை உயர்த்திக் காட்டியபின், நற்கருணை உட்கொள்ளுமுன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் செய்துவரும் செயல் அது. அன்று ஒவ்வொரு முறையும் பீடத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டே எழ நேர்ந்தது. பீடச் சிறுவன் ஒருவன் நம்மைக் கவலையோடு பார்த்தான். வியப்பு என்னவெனில், பீடத்துப் படிகளில் ஏறுவது அத்துணைத் துன்பமாக இல்லை. இறங்குவதே துன்பமாக இருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் சுமையைத் தாங்குகிறது. இவ்வாறு நீண்டபடி சுமை தாங்கும் வேலையே, தசை இழைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சிதைவுகளை மிகுதியாக உண்டாக்குகிறது. உடல் அவற்றைச் செப்பனிடத் தொடங்கும்போதுதான் வலி எழுகிறது. அது உச்சத்தை எட்ட ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். நம் பள்ளிப் பருவத்தில் இதனைத் தசையில் தேங்கிய அமிலத்தின் வேலை என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வமிலம் ஓடிமுடித்த ஒரு மணி நேர அளவிலேயே நீங்கிவிடுகிறது என்பது இன்று தெளிவாகிவிட்டது. இதைவிட மகிழ்ச்சியான செய்தி ஒன்றுண்டு. ஒருமுறை இவ்வாறு நொந்த தசை, சில வாரங்களுக்குள் அதே வேலையை மீண்டும் செய்யும்போது முன்போல் நோவதில்லை. ஆகவே, மூன்றாம் நாளில் விட்டுவிடுபவர் விலையைக் கொடுத்துவிட்டுச் சரக்கை வாங்காமல் கடையைவிட்டு வருகிறார்.

அந்தப் புதன்கிழமை மாலை கொத்தனார் வந்தார். ஆனால் மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "வேலை வலியும் ஓட்ட வலியும் சேந்துக்கிட்டுது சாமி. பழைய மருந்து ஞாபகம் வருது" என்றார். நாம் திடுக்கிட்டோம். வீடு மந்திரிக்கச் செல்லும் இடங்களிலெல்லாம் ஆண்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்: உடம்பு வலிக்காகத்தான் குடிக்கிறேன் என்று. அது முழுப் பொய்யென்று நாம் ஒருபோதும் எண்ணியதில்லை. நாளெல்லாம் கல்லும் கலவையும் சுமந்தவனின் முதுகு மெய்யாகவே வலிக்கிறது. குடியிலிருந்து மீளும் ஒருவருக்கு, வலிக்கும் நாளே கத்தி முனையில் நடக்கும் நாள். அறிவுரை கூற நமக்கும் அன்று தெம்பில்லை. நமக்கும் தொடை வலிக்கிறது என்றோம். பின்பு இருவரும் மெல்ல மிதித்து, கடற்கரைக் குருசடிவரை சென்று திரும்பினோம். மென்மையான அசைவு வலியைச் சற்று நேரத்திற்காவது தணிக்கும். அன்று அந்தச் சற்று நேரமே போதுமானதாக இருந்தது.

குருமடத்தில் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளைக் கற்றபோது, நம் மனத்தில் ஆழப் பதிந்த விதி ஒன்றுண்டு: உள்ளம் வறண்டு இருண்டிருக்கும் வேளையில், தெளிவாயிருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றலாகாது என்பதே அது. அதை வகுத்தவர் வலியை அறியாதவர் அல்லர். 1521-இல் பாம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு தாக்கிக் கால் ஒடிந்து, கோணலாய்க் கூடிய எலும்பை மறுபடியும் உடைத்துச் சேர்த்த வேதனையைத் தாங்கியவர். அவ்விதியை நம் குழுவுக்கும் ஆக்கிக்கொண்டோம். வலிக்கும் நாளில், தொடர்வதா விடுவதா என்ற பேச்சே கூடாது. குறித்த நேரத்திற்கு வந்து பத்து நிமிடம் அசைந்தால் போதும். பின் விருப்பமானால் வீட்டுக்குச் செல்லலாம். ஊக்கம் வந்தபின் புறப்படலாம் என்று காத்திருப்பவரை ஊக்கமும் எங்கோ காத்திருக்க வைத்துவிடும். கட்டளைச் செபத்தை நாம் மனம் பொருந்திய நாளில் மட்டும் சொல்லியிருந்தால், ஆண்டுக்கு எத்தனை நாள் சொல்லியிருப்போமோ!

எனினும், வலி என்றாலே புண்ணியம் என்று எண்ணும் பக்தர்களோடு நாம் உடன்படுவதில்லை. தம் உடலைக் கழுதைச் சகோதரன் என்றழைத்துக் கடுமையாய் நடத்திய அசிசி பிரான்சிஸ்குவே, கடைசிக் காலத்தில் அச்சகோதரனுக்குத் தாம் இழைத்த தீங்கை ஒப்புக்கொண்டார். இரு கால்களிலும் மந்தமாகப் பரவி, அசைய அசையக் குறையும் வலியோடு பழகலாம். ஓரிடத்தில் குத்தும் வலி, மூட்டு வீக்கம், அடிக்கு அடி கூடும் நோவு ஆகியன வேறு வகை. நெஞ்சில் அழுத்தமோ, சிறுநீர் கறுத்த தேயிலைச் சாயம்போல் இறங்குவதோ கண்டால், அக்கணமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நால்வருள் ஒருவருக்கு முழங்கால் வீங்கியது. அவர் இப்போது ஓடுவதில்லை, எங்களுக்கு நேரம் குறிக்கிறார்.

இந்த வயதில் இது எதற்கு என்று கேட்போருக்குப் புனித சின்னப்பரைக் காட்டுகிறோம். பந்தய வீரரின் உடற்கட்டுப்பாட்டை அவர் கொரிந்து நகரத்தாருக்கு எடுத்துக்காட்டியது வெறுமனே அன்று. அந்நகருக்கு அருகில்தான் ஈராண்டுக்கொரு முறை இஸ்துமிய விளையாட்டுகள் நடந்தன. அமெரிக்க அருட்சகோதரி மடோனா பியூடரையும் காட்டுகிறோம். 1930-இல் பிறந்த இவர், குருவானவர் ஒருவர் சொற்கேட்டு 48-ஆம் வயதில் ஓடத் தொடங்கினார். 2012-இல், தம் 82-ஆம் வயதில், கனடாவில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, 42.2 கிலோமீட்டர் ஓடி, 17 மணி நேர வரம்புக்குள் முடித்தார். இதை நாம் சொல்லக்கேட்ட ஒரு பாட்டியம்மாள், "அந்த அம்மாவுக்கு வீட்டுல சமையல் யாரு சாமி?" என்றார். நாம் சிரித்தோம், பின்பு சிரிப்பு அடங்கியது. நாற்பதாண்டுக் காலம் தலையில் மீன்கூடை சுமந்து தெருத்தெருவாக நடந்தவர் அவர். அவருடைய கெண்டைக்கால் வலிக்கு எவரும் நேரம் குறிக்கவில்லை. தாமே தேர்ந்துகொண்ட வலியும் அன்று அது.

கொத்தனாருக்கு இது ஒன்பதாம் மாதம். ஓட்டத்தில் இப்போது நம்மைவிட வெகுதூரம் முன்னே செல்கிறார். நீச்சலிலோ நாம் அவருடைய மாணவர்; கடற்கரையில் பிறந்தவருக்கு அது கற்றுத் தெரிய வேண்டியதன்று. சென்ற வாரம் நிறுத்தாமல் 300 மீட்டர் நீந்தினோம். இரு தோள்களும் வலிக்கின்றன, வலத்தோள் சற்று மிகுதியாக. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூச்சை ஒரே பக்கமாய்த் திரும்பி வாங்குவதால் வருகிறது என்கிறார்.